லோங்காங்கில் விழும் முன்: கழிவுநீர் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் சிலாங்கூர் ஆற்றைப் பற்றி எழுதிய குறிப்பில், வீட்டுக் கழிவுநீரை வெகுதூரம் கொண்டுபோகாமல் அது உண்டாகும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்திகரித்து, அங்கேயே பயன்படுத்தவும் முடியும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வாசகர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரை இன்னும் விடாத பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களே அதிகம் என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தோட்ட லயத்தை விட்டுத் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) வீட்டுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. கழிப்பறைக்குத் தனியாக செப்டிக் டேங்க் இருக்கிறது. ஆனாலும் வாசலில் ஓடும் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) எந்நேரமும் நாறுகிறது. டேங்க் உடைந்திருக்குமோ?
— ஓர் இல்லத்தரசி, பெஸ்தாரி ஜெயா

பதில்: அம்மா, டேங்க் உடைந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பழைய தாமான்களில் கழிப்பறைக் குழாய் மட்டுமே டேங்கிற்குப் போகும். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் நீரெல்லாம் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே லோங்காங்கில் விழுந்து, ஓடை வழியாக ஆற்றுக்குப் போய்விடும். மீன் கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஓட்டமில்லாத வாய்க்காலில் தேங்கினால், ஆக்சிஜன் தீர்ந்து அழுகத் தொடங்கும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைத்தான் நாம் அழுகிய முட்டை வாடை என்கிறோம்.

இந்த நீரின் அளவு பலரும் நினைப்பதைவிட மிக அதிகம். மலேசியாவில் சுத்திகரிப்பு ஆலைகளை வடிவமைப்பவர்கள் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்றும், ஒரு வீட்டுக்கு 5 பேர் என்றும் கணக்கு வைக்கிறார்கள். அதன்படி ஒரு வீட்டிலிருந்து நாளுக்கு 1,125 லிட்டர் வெளியேறுகிறது. அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 6 லிட்டர் வீதம் கழிப்பறையில் தண்ணீர் விட்டாலும் 150 லிட்டர்தான் ஆகிறது. மீதியில் பெரும்பகுதி சோப்பும் எண்ணெயும் கலந்த நீர். அதாவது நாம் அருவருப்புப்படும் சிறிய பங்கு தொட்டிக்குள் போகிறது. அருவருப்பில்லாத பெரிய பங்கு அப்படியே ஆற்றுக்குப் போகிறது.

தொட்டிக்குள் போனதும் முழுமையாகச் சுத்தமாகிவிடுவதில்லை. கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன, எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கிறது, நடுவில் தெளிந்த நீர் மட்டும் வெளியேறுகிறது. அந்த நீரிலும் அழுக்கின் சுமை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைந்திருக்கும். சேறு நிரம்பிவிட்டால் அதுவும் நடக்காது. உள்ளே போனது போனபடியே வெளியே வரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை லாரியை அழைத்துச் சேற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பது அதனால்தான். இருபது ஆண்டுகளில் எத்தனை முறை எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களால் செய்யக்கூடியது, குளியல் நீரையும் துணி அலசிய நீரையும் லோங்காங்கிலிருந்து திருப்பிக் கொல்லையில் வாழைக்கு விடுவது. வாழையைச் சுற்றி முழங்கால் ஆழத்தில் பள்ளம் எடுத்து, காய்ந்த இலை, மட்டை, மரத்துண்டு போட்டு நிரப்பி, நீர் அந்தச் சருகுக்கு அடியில் போய் விழும்படி குழாயை வையுங்கள். சருகில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், வாழை நீரைக் குடிக்கும். இரண்டு பள்ளங்கள் எடுத்து வாரத்துக்கு ஒன்றாக மாற்றி விடுவது நல்லது. நம் பக்கத்து மண் பெரும்பாலும் களியும் கரிமண்ணும் கலந்தது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் என்பதால், அப்போது பள்ளம் நீரை வாங்காது. அத்தகைய இடத்தில் மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டிக்கொள்ளுங்கள். நீரை வாளியிலோ பீப்பாயிலோ ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. நாறும், கொசுவும் வரும். குழந்தையின் அழுக்குத் துணி அலசிய நீரும் வெளுப்பான் கலந்த நீரும் வாழைக்கு ஆகாது. கங்கோங், உலாம் போன்ற கீரைகளுக்கு இந்த நீரை ஒருபோதும் விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில் வேலி போட்ட சிறிய சுத்திகரிப்பு ஆலை ஒன்று இருக்கிறது. சில மாதம் இரைச்சல், சில மாதம் நாற்றம். இதை மூடிவிட்டுக் கோலாலம்பூரில் இருப்பதைப் போன்ற பெரிய ஆலையோடு இணைக்கும்படி மனு கொடுக்கலாமா?
— குடியிருப்பாளர் சங்கப் பொறுப்பாளர்

பதில்: இரைச்சல் கேட்கும் மாதங்கள்தான் உங்கள் ஆலை வேலை செய்யும் மாதங்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரைச்சல் காற்று ஊதும் இயந்திரத்தினுடையது. தொட்டிக்குள் காற்றுக் குமிழிகள் போனால்தான் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும். இயந்திரம் நின்றால் ஓரிரு நாளில் அவை மடிந்து நாற்றம் தொடங்கும். ஆகவே மனுவில் இரைச்சலைப் பற்றி எழுதாமல், அது எப்போதெல்லாம் நின்றது என்று தேதியோடு எழுதுங்கள்.

இந்த நாட்டில் வீடமைப்பு நிறுவனம் ஒவ்வொன்றும் தன் தாமானுக்குத் தானே ஆலை கட்டி ஒப்படைத்த காலம் ஒன்று இருந்தது. நாட்டின் கழிவுநீர்ப் பணியைக் கவனிக்கும் இண்டா வாட்டர் நிறுவனம் இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொது ஆலைகளைப் பார்த்துக்கொள்வதற்கு அதுவே காரணம். ஏழாயிரம் இடங்களில் மின்சாரம், பம்பு, சேறு, காவல் என்று கவனிப்பது எளிதன்று என்பதால், சிறியவற்றை மூடிப் பெரியவற்றோடு இணைக்கும் போக்கு வந்தது. கோலாலம்பூரில் நிலத்துக்கு அடியில் கட்டி, மேலே பூங்கா அமைத்த பந்தாய் 2 ஆலை பதினான்கு லட்சம் பேரின் கழிவுநீரைத் தாங்கக்கூடியது. அடர்ந்த நகரத்துக்கு அது சரி. நம் ஊர் அப்படியன்று. தாமானுக்கும் தாமானுக்கும் இடையே செம்பனைத் தோட்டம் கிடக்கிறது. பெரிய ஆலைத் திட்டத்தில் அதிகச் செலவு பிடிப்பது பெரும்பாலும் ஆலையன்று, தெருத்தெருவாகத் தோண்டிப் பதிக்கும் குழாயும் நடுநடுவே வைக்கும் பம்பு நிலையமும்தான். சில நூறு வீடுகளுக்காகத் தோட்டத்தைக் கடந்து பல கிலோமீட்டர் குழாய் போடுவதைவிட, இருக்கும் சிறிய ஆலையை ஒழுங்காக நடத்துவதே மேல் என்பது என் கருத்து.

ஆனால் சிறியது என்பதாலேயே நல்லதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் முன்பு குடியிருந்த இடத்தில் ஆலையின் மின்கம்பியை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். புதுக் கம்பி வருவதற்குள் மூன்று மாதம் கடந்துவிட்டது, அத்தனை நாளும் நீர் கறுப்பாகவே ஓடைக்குப் போயிற்று. பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் தமக்குத் தாமே ஆலை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தபின், அங்கும் நல்ல ஆள் கிடைத்த குடியிருப்பில் ஆலை ஓடுகிறது, கிடைக்காத இடத்தில் பெயருக்கு நிற்கிறது. தொழில்நுட்பம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உங்கள் மனுவுக்குப் பலம் தருவது 2009ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரக் கழிவுநீர் விதிமுறை. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறத்தில் ஆற்றில் விடும் புதிய ஆலைகளுக்கு ‘ஏ’ தரமும் மற்ற இடங்களுக்கு ‘பி’ தரமும் வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு ‘ஏ’ தரத்தில் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ‘பி’ தரத்தில் 50. சிலாங்கூர், கோலாலம்பூர் மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் கலந்த மாசினால் நான்கு நீர் ஆலைகளை மூட நேர்ந்ததும், பானையும் வாளியுமாக நாம் லாரிக்குக் காத்திருந்ததும் நினைவிருக்கும். உங்கள் ஆலைக்கு எந்தத் தரம் பொருந்தும், கடைசிச் சோதனையில் எவ்வளவு வந்தது என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: செப்டிக் டேங்கில் ஈஸ்ட், தயிர், கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி போட்டால் சேறு எடுக்கவே தேவையில்லை என்கிறார்களே?
— தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தேவையான நுண்ணுயிர்கள் நம் வயிற்றிலிருந்தே தினமும் போய்க்கொண்டிருக்கின்றன. மணலும் கரையாத சேறும் எந்தப் பொடிக்கும் கரையாது. தயிரைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து பார்க்க நேர்ந்தால் எட்டி நின்று பாருங்கள். எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்காதீர்கள், மயங்கியவரைத் தூக்க இன்னொருவரையும் இறங்க விடாதீர்கள். உள்ளிருக்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகள் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆலைக் கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, பின்பு மரங்களுக்கே விடுவோம். தோட்டத்தில் செய்ததை டவுனில் செய்ய ஏன் இவ்வளவு பேச்சு?
— ஒரு முன்னாள் ஆலைத் தொழிலாளி

பதில்: ஐயா, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. நீங்கள் செய்த வேலைக்கு இன்று ‘பரவலாக்கப்பட்ட சுத்திகரிப்பு, வள மீட்பு’ என்று பெரிய பெயர் வைத்து மாநாடு நடத்துகிறார்கள். மலேசியாவில் செம்பனை முதன்முதலில் வணிகப் பயிராக நடப்பட்டது 1917இல், நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். அதன் கழிவை என்ன செய்வது என்று நாடு கற்றுக்கொள்ள மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

வெளியூர் வாசகருக்காக விளக்குகிறேன். ஆலையிலிருந்து வரும் கழிவுநீர் கையை வைக்க முடியாத சூட்டில், 80 பாகைக்கும் மேல், பழுப்புக் கூழாக வரும். மேலே சொன்ன ஆக்சிஜன் அளவு இதில் லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீரில் 250 அளவில்தான் இருக்கும். நூறு மடங்கு! எழுபதுகளில் இது நேரே ஆற்றில் போனபோது மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. 1977இல் விதிமுறை வந்தது. அதன் சிறப்பு, ஒரே நாளில் இறுக்காமல் படிப்படியாக இறுக்கியதுதான்: 1978இல் 5,000 மில்லிகிராம் என்று தொடங்கி, ஆண்டுதோறும் குறைத்து, 1984இல் 100 என்று கொண்டுவந்தார்கள். ஆலைகள் அந்த இடைவெளியில்தான் வரிசையாகக் குளங்கள் வெட்டக் கற்றுக்கொண்டன. முதலில் ஆறவைக்கும் குளம், அடுத்து காற்றுப் புகாத ஆழக் குளம், கடைசியாக வெயிலும் பாசியும் வேலை செய்யும் ஆழமற்ற குளம். நடுவில் தெளிந்த சத்து நீரை வரிசைகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டி மரத்துக்கு விட்டார்கள். பழம் உதிர்ந்த வெற்றுக் குலைகளையும் தூரில் பரப்பினார்கள். மரம் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் ஒரு பங்கு மண்ணுக்கே திரும்பியது, உரச் செலவும் குறைந்தது. ஆழக் குளத்தைக் கூரையிட்டு மூடினால் ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் எரிவாயு பிடிக்கலாம். மூடாவிட்டால் அதில் பெரும்பங்கான மீத்தேன் வானத்துக்குப் போய்ப் பூமியைச் சூடாக்கும்.

இனி, டவுனில் ஏன் இவ்வளவு பேச்சு என்பதற்கு வருகிறேன். ஆலைக் கழிவில் சுமை அதிகம், ஆனால் நோய்க்கிருமி இல்லை. கொதித்த பழக்குலையிலிருந்து வந்த நீர் அது. மனிதக் கழிவில் சுமை குறைவு, நோய் அதிகம். வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்த நம் பாட்டன்மாரின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சியது இந்த மண் வழியாகத்தான். உருண்டைப்புழுவின் முட்டை ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆகவே தோட்டத்துக் குளத்தை அப்படியே டவுனுக்குக் கொண்டுவர முடியாது. நீரையும் சேற்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் போதிய காலம் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பாசன நீருக்கு வைத்த வழிகாட்டு அளவு, லிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. குளங்களில் போதிய நாள் நின்றால் முட்டைகள் அடியில் படிந்துவிடும். அப்போது சிக்கல் நீரிலிருந்து சேற்றுக்கு மாறுகிறது.

சேற்றுக்கும் வழி உண்டு. பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளி என்ற சிறு நகரில் 2015 முதல், வீட்டுத் தொட்டிகளிலிருந்து லாரி எடுத்துவரும் சேற்றை மட்டுமே சுத்திகரிக்கும் நிலையம் நடக்கிறது. நீர் பள்ளத்தை நோக்கித் தானே இறங்கும்படி கட்டியிருப்பதால், அதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவைப்படவில்லை. சேற்றை வெயிலில் காயவைத்து, நகரத்தின் மட்கும் குப்பையோடு கலந்து, உள்ளே சூடேற விட்டு உரமாக்குகிறார்கள். அந்தச் சூடுதான் முட்டைகளைக் கொல்கிறது. காவிரிக் கரையில் முசிறியில் இன்னொரு வழியைப் பார்த்தார்கள்: மலத்தையும் சிறுநீரையும் கழிப்பறையிலேயே தனித்தனியாகப் பிரித்துவிடுவது. மனிதக் கழிவில் உள்ள தழைச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. ஓர் ஆள் ஓர் ஆண்டில் கழிப்பது ஏறக்குறைய 500 லிட்டர். மூடிய கலனில் மாதக்கணக்கில் வைத்திருந்து நீர் கலந்து விட்டால் அது உரம். இத்தகைய கழிப்பறைகளைத் தமிழ்நாட்டில் பரப்பிய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

டவுனுக்கும் தோட்டத்துக்கும் உள்ள இன்னொரு வேறுபாட்டை உங்களைப் போன்றவர் உடனே ஒப்புக்கொள்வார். ஆலையில் குளத்துக்கு என்று ஓர் ஆள் இருந்தார். வாய்க்கால் அடைத்தால் அவர் பெயரைச் சொல்லித்தான் மேலாளர் கத்துவார். டவுன் ஓடைக்கு அப்படி யார் பெயரும் இல்லை. வாளிக் கழிப்பறைக் காலத்தில் நம்மவர்களையே அந்த வேலைக்கு வைத்தார்கள். இரவில் வந்து விடிவதற்குள் போய்விட வேண்டும், யார் கண்ணிலும் படக் கூடாது. அந்த இழிவு மனத்தில் இருப்பதால்தானோ என்னவோ, இன்றும் நம் பிள்ளை சுத்திகரிப்பு ஆலையை இயக்கும் வேலைக்குப் போகிறான் என்று சொல்லச் சில குடும்பங்கள் கூச்சப்படுகின்றன. அது பயிற்சியும் சான்றிதழும் கேட்கும் வேலை. முப்பது ஆண்டு குளம் பார்த்த நீங்கள் ஒரு தாமான் சங்கத்துக்கு ஆலோசகராகப் போனால், பொறியாளர் எழுதும் அறிக்கையைவிட உங்கள் மூக்கு சீக்கிரம் பிழையைச் சொல்லிவிடும்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் திருவிழா நாள்களில் ஆயிரம் பேருக்கு அன்னதானம். அண்டா கழுவும் நீர் லோங்காங்கை அடைத்து, பக்கத்து வீட்டார் புகார் செய்கிறார்கள். செலவில்லாத வழி உண்டா?
— ஆலயச் செயலாளர் ஒருவர்

பதில்: அடைப்பது நீரன்று, எண்ணெய். சாப்பாட்டுக் கடைகள் வைத்திருக்கும் ‘பெராங்காப் மிஞாக்’ என்ற எண்ணெய்ப் பொறியை ஆலயமும் வைக்கலாம். தடுப்புகள் வைத்த ஒரு பெட்டிதான் அது. நீர் அதற்குள் சற்று நேரம் நின்று ஆறினால் எண்ணெய் மேலே மிதக்கும், சோறும் பருப்பும் அடியில் தங்கும், நடுநீர் மட்டும் போகும். கொதிநீரை நேரே அதில் ஊற்றினால் எண்ணெய் உருகித் தப்பிவிடும் என்பதைக் கழுவுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். விழா நடக்கும் நாள்களில் தினமும் மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிப் போட ஒருவரை நியமியுங்கள். பந்தி பரிமாற நூறு பேர் முன்வருவார்கள், இதற்கு ஒருவர் வருவது கடினம் என்று எனக்குத் தெரியும். கழுவும் முன் அண்டாவை வாழையிலையால் வழித்துவிட்டால் வேலை பாதியாகும். வழித்த இலையும் எச்சில் இலையும் சருகோடு அடுக்கி மட்கவைத்தால் அடுத்த ஆண்டு தென்னைக்கு ஆகும். பொரித்த எண்ணெயைத் தனியாகத் தகரத்தில் சேருங்கள். காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் கழிவுநீரைக் குடிநீராக்குகிறார்கள். நாமும் செய்யலாமா? ஐந்தாம் படிவத்தில் படிக்கிறேன். இதைப் பற்றி அறிவியல் செயல்திட்டம் செய்ய விரும்புகிறேன்.
— ஒரு மாணவர்

பதில்: தம்பி, சிங்கப்பூர் 2003இல் தொடங்கிய நியூவாட்டரில் பெரும்பகுதி மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, ஒரு பங்கைத்தான் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடியும் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் நீர்த்தேக்கத்தில் கலக்காமல் நேரடியாகவே குடிநீராக்குகிறது. சென்னை 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் சுத்திகரிக்கும் இரண்டு நிலையங்களைத் தொடங்கி, அந்த நீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறது. இவையெல்லாம் நீர் போதாத ஊர்கள். நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. நமக்குக் குறை தண்ணீரில் இல்லை, ஆற்றின் சுத்தத்தில்தான். சுத்திகரித்த நீரில் திடலுக்குப் பாய்ச்சி, கழிப்பறைக்கு விட்டு, லாரி கழுவினாலே போதும்.

செயல்திட்டத்துக்குச் சின்னச் சோதனை ஒன்று சொல்கிறேன். கையுறை போட்டு, ஆசிரியர் துணையோடு, லோங்காங் நீர், ஆலை வெளியேற்றும் நீர், ஆற்று நீர் மூன்றையும் மூன்று கண்ணாடிப் புட்டிகளில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மெத்திலீன் நீலத்தில் ஒவ்வொன்றிலும் சில துளி விட்டு, இறுக மூடி, இருட்டில் வை. நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்ததும் நீலம் மறையும். அழுக்கு நீரில் சில மணி நேரத்தில் மறைந்துவிடும்; நன்றாகச் சுத்திகரித்த நீரில் ஐந்து நாள் ஆனாலும் நீலம் நிற்கும். ஒவ்வொரு புட்டியும் எப்போது வெளுத்தது என்று மணியோடு குறித்து, திடல் பக்கத்து ஆலையைப் பற்றி எழுதிய பொறுப்பாளரிடம் ஒரு படி கொடு. அவர் மனுவோடு இணைத்துக்கொள்வார்.